ஏழாவது நீலம்

"மூணு மணி நேரமாச்சும்மா! ஆறு தடவை கலந்துட்டேன். இதுக்கும் உங்க சுவருக்கும் என்ன வித்தியாசம்? சத்தியமா எனக்குத் தெரியலை."

பெயிண்ட் கடைக்காரர் ஹேர் டிரையரை அணைத்தார். அட்டையில் தீற்றியிருந்த நீலம் காய்ந்துவிட்டது. அந்தப் பெண் கைக்குட்டையைப் பிரித்து, உள்ளங்கை அளவு காரைத் துண்டை எடுத்தாள். இடித்த வீட்டிலிருந்து பெயர்த்து வந்தது. இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"பச்சை துளியூண்டு தூக்கலா இருக்குண்ணே."

"பச்சையா! நுணுக்கம்னா ஒரு அளவு வேணாமா? இதுக்குப் பேரு நச்சரிப்பு."

அவள் சிரித்துவிட்டாள். "எங்கப்பாவும் இதேதான் சொல்வார். அம்மாவுக்குச் சாயப்பட்டறையில நூலுக்கு நிறம் சேர்த்துப் பாக்கற வேலை. 'இல்லாத குறையைத் தேடினாத்தான் நச்சரிப்பு. இருக்கற வித்தியாசம் தெரிஞ்சா அது நுணுக்கம்'னு அவர் வாயை அடைச்சுடுவாங்க."

"அந்த அம்மாவுக்குத்தானா இந்த ரூம்?"

"ஆமாண்ணே. இப்போ அக்கா வீட்டுல இருக்காங்க, நாளைக்குப் புது வீட்டுக்குக் கூட்டிட்டு வரோம். பழைய வீட்டை விட்டு வரவே மாட்டேன்னு ஒரே அடம். 'உங்க ரூம் சுவர் மட்டும் அப்படியே இருக்கும்'னு வாக்குக் கொடுத்துதான் கிளப்பினேன். அந்தச் சுவர்ல சாஞ்சுக்கிட்டுத்தான் நானும் அக்காவும் வாய்ப்பாடு ஒப்பிப்போம். காலை வெயில் பட்டா ஒரு நீலம். விளக்கைப் போட்டா வேற நீலம். அம்மா மாவு பிசைஞ்ச கையோட வந்து நின்னு கேப்பாங்க..."

கடைக்காரர் சிவப்பு ஒரு சொட்டு விட்டு ஏழாவது முறை கலந்தார். தீற்றினார். உலர்த்தினார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். "கிட்டத்தட்ட வந்துடுச்சு. ஆனா..."

"ஆனாவா! போதும் தாயே. இந்த அட்டையைக் கொண்டுபோய் அம்மாகிட்டயே காட்டுங்க. அவங்க பாத்துச் சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்."

"அவங்களால பாக்க முடியாதுண்ணே. கண் போய் ரெண்டு வருஷமாச்சு."

கடைக்காரர் கலக்கும் குச்சியைக் கீழே வைத்தார். "அப்புறம் யாருக்காகம்மா இவ்வளவு பாடு?"

"'சுவர் அதே நிறமாடி?'ன்னு நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. 'ஆமாம்மா'ன்னு சொல்றப்போ என் குரல் இம்மி பிசகினாலும் கண்டுபிடிச்சுடுவாங்கண்ணே."