லாரிக்குக் குறுக்கே

"அந்தம்மா எந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க சார்!"

மூச்சு வாங்க மாடியேறி வந்து சொன்னார் மேனேஜர்.

ஃபேன் கம்பெனி வாசலில் புது மெஷின் ஏற்றிய லாரி நின்றது. அதற்குக் குறுக்கே காலை நீட்டிப் படுத்திருந்தாள், ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பெண்களின் சங்கத் தலைவி.

வெளிநாட்டுக்காரன் நம் ஃபேனுக்கு வரியை ஏற்றிவிட்டான். லாபம் பாதியானது. ஆட்டோமேட்டிக் மெஷின் போட்டால் பாதி விலையை அரசாங்கமே மானியமாகத் தரும். ஆனால் கடைசி நாள் இன்று. ஐந்து மணிக்குள் மெஷினை உள்ளே இறக்கி, அதிகாரி போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். தவறினால் மானியம் கிடையாது. மானியம் இல்லையென்றால் மெஷினே வேண்டாம் என்று, கம்பெனியில் பணம் போட்டிருக்கும் முதலாளியின் மச்சான் கறாராகச் சொல்லியிருந்தார்.

மெஷினே காயில் சுற்ற ஆரம்பித்தால் முப்பது பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதலாளி ஜன்னலோரம் நின்றிருந்தார். "போலீஸ் எல்லாம் வேண்டாம். இன்னொரு தடவை பேசிப் பாருங்க."

மேனேஜர் கீழே ஓடினார்.

"ஏம்மா, சோறு போடுற கம்பெனிக்கே குழி பறிக்கிறியே, நியாயமா?"

"எங்கேயோ எவனோ வரி போட்டான்னா எங்க வயித்துல அடிப்பீங்களா சார்?"

"போலீசக் கூப்பிடுவேன்!"

"தாராளமா கூப்பிடுங்க. நான் எங்கே ஓடப் போறேன்? படுத்துட்டுத்தானே இருக்கேன்!"

பின்னால் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் தலைக்கு வைத்திருந்த நீலக் குஷனைத் தட்டிச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். என்ன கொழுப்பு! குஷனோடு வந்து போராட்டமாம். மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்து மணி ஆனது. அதிகாரி உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பினார். லாரி வந்த வழியே திரும்பியது.

மாடியில் முதலாளி போனில் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார். "நான் என்ன பண்றது மச்சான்? லாரிய அவ மேல ஏத்தவா சொல்றீங்க? சரி, மெஷினத் திருப்பி அனுப்பிடறேன்."

போனை வைத்ததும் மேனேஜர் வெடித்தார். "நாளைக்கே அவள வேலைய விட்டுத் தூக்கணும் சார்!"

"பார்க்கலாம், பார்க்கலாம்."

"முதல்ல நீங்க உட்காருங்க. இந்த முதுகு வலியோட காலையிலிருந்து நின்னுட்டே இருக்கீங்களே!"

அக்கறையோடு முதலாளியின் நாற்காலியை இழுத்துப் போட்டார் மேனேஜர்.

வெறும் பலகை. எப்போதும் அதன்மேல் கிடக்கும் நீலக் குஷனைக் காணோம்.