கபுரானின் வால்

"அந்த வாலுக்கு அவ்வளவு நீளம் கிடையாதும்மா!"

பொதுக் குளியல்கூடம் நடத்தும் கன்ஜிரோ மேஜையைத் தட்டியதில் கடைவீதிச் சங்கத்தின் தேநீர்க் கோப்பைகள் குலுங்கின.

உடோன் நூடுல்ஸ் கடைக்காரி தோமோயே அசரவில்லை. "என்ன அண்ணே இப்படிச் சொல்றீங்க? கபுரான் நிமிர்ந்து நின்னா நூறு மீட்டர். வால் அதைவிட நீளம். ஒரு சுழட்டு சுழட்டினா உங்க குளியல்கூடத்துப் புகைபோக்கி நிக்குமா?"

கபுரான் சினிமா ராட்சதன். அடுத்த படத்தில் கடலிலிருந்து ஏறி இந்த வீதிக்குள்தான் வரப்போகிறது. வீதியை அப்படியே பொம்மையாகச் செய்து, ஒரே ஒரு கடையை நொறுக்குவார்கள். எதை என்று பேசத்தான் உதவி இயக்குநர் ஹயாமி வந்திருந்தார்.

"கரையிலேர்ந்து வந்தா முதல் கடை உன்னுது. அதை மிதிக்காம எப்படி வரும்?"

"தாண்டிடும். கால் என்ன சின்னதா?"

"ஏன், பறந்து வரும்னு சொல்லேன்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கப்பா கட்டின புகைபோக்கிம்மா அது. மூணு பூகம்பம் பார்த்தது. அதுக்கு முன்னாடி உன் கபுரான் வெறும் பல்லி!"

"பல்லியா? போன படத்துல கப்பலையே ஊதித் தள்ளிச்சே!"

"மூச்சு வேற, வால் வேற!"

"எங்க வீட்டுப் பூனைக்கு வால் உடம்புல பாதிதான்" என்றார் மீன்கடைக்காரர்.

"உங்க பூனை கட்டடம் இடிக்குமா?"

ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஹயாமி நோட்டில் எழுதினார்: 'வால் எட்டும்.'

கன்ஜிரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தன் கடையில் கீறல் விழக்கூடாது, அடுத்தவன் புகைபோக்கி மட்டும் விழணும். என்ன மனசு இது!

அன்றிலிருந்து தோமோயே எதிரே வந்து தலை குனிந்து வணங்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குளியல்கூடத்துக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தாலே அதிகம். வசந்தத்தோடு மூடிவிடுவது என்று முடிவே செய்திருந்தார்.

படம் வெளியானது.

அடுத்த ஞாயிறு மதியம் கதவைத் திறந்தவர் திகைத்துப்போனார். தபால் நிலையம் வரைக்கும் வரிசை, பாதிப் பேர் தோளில் துண்டோடு! அத்தனை பேரும் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஐயா, கபுரான் வாலால அடிச்சது இதைத்தானே?"

உள்ளே வெந்நீர்த் தொட்டியிலும் அதே பேச்சு.

"ஒரே அடியிலயா சாய்ஞ்சது?"

"ரெண்டு. நான் எண்ணினேன்!"

"மூணு பூகம்பம் தாங்கினதாம்யா. அதையே சாய்ச்சதுன்னா கபுரானுக்கு என்ன பலம் பாரு!"

கன்ஜிரோ வாய்விட்டுச் சிரித்தார். வாடகைத் துண்டுகள் தீர்ந்து, தன் வீட்டுத் துண்டுகளையும் எடுத்துக் கொடுத்தார். மூடுகிற பேச்சே போயிற்று.

மூன்றாவது வாரம் ஹயாமியும் குளிக்க வந்தார். முகம் சிவக்கக் குளித்துவிட்டு வந்தவரிடம் கன்ஜிரோ குளிர்ந்த பால் பாட்டிலை நீட்டினார்.

"காசு வேண்டாம் தம்பி. அன்னிக்கு என் புகைபோக்கியைத் தேர்ந்தெடுத்தீங்களே, அந்தப் புண்ணியம் உங்களுக்கு."

"நான் எங்கே ஐயா தேர்ந்தெடுத்தேன்?" ஹயாமி பாலைக் குடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டார். "நாங்க எழுதி வந்தது உடோன் கடையைத்தான். இடிஞ்ச கடையைப் பார்க்க ஜனங்க குவிவாங்கன்னு கூட்டத்துக்கு முன்னாடியே அந்தம்மாகிட்ட சொன்னேன். 'அப்படின்னா எனக்கு வேண்டாம்ப்பா, அண்ணனோடதை இடிங்க'ன்னு கெஞ்சினது அவங்கதான்!"