தடயம் விடாதவர்கள்

"கயித்தை விடுங்க சார்! என் தம்பியோட மஞ்சள் சட்டை தெரியுது, அவன் கீழதான் கிடக்கிறான்!"

வனக்காவலர் தடுப்பதற்குள் அவள் பாதிப் பள்ளம் இறங்கிவிட்டாள். அவரும் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு போனார்.

காட்டில் கூடாரம் போட்டுத் தங்க ஆட்களைக் கூட்டிப்போவதுதான் அக்கா, தம்பி இருவருக்கும் பிழைப்பு. அவர்கள் தங்கிவிட்டுப் போன இடத்தில் எரிந்த தீக்குச்சி ஒன்றுகூடக் கிடைக்காது. அத்தனை சுத்தம். புது இடம் பார்க்கத் தனியாகப் போன தம்பி திரும்பவில்லை. தேட ஆரம்பித்து இன்று ஐந்தாம் நாள்.

ஓடைக்கரையில் கால் முறிந்து கிடந்தான். காவலர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். உடம்பில் சூடு இன்னும் இருந்தது. உயிர்தான் இல்லை.

"இப்பதான் மேடம்... காலைல வரைக்கும் உயிரோட..."

"பேசாதீங்க!" அவள் வெடித்தாள். "அஞ்சு நாளா கிழக்குப் பக்கமே சுத்துனீங்களே, உங்க ஆளுங்க கண்ணைக் கழட்டி வீட்ல வெச்சுட்டா வந்தாங்க?"

"வழி பிரியற இடத்துல ஒரு அடையாளமும் இல்லையே மேடம். எந்தப் பக்கம் போனார்னு நாங்க என்ன ஜோசியமா பார்க்கிறது? ஒரு கிளையை ஒடிச்சாவது போட்டிருக்கலாம்."

"போட மாட்டான். அவன் நான் வளர்த்த பிள்ளை."

காவலர் தம்பியின் பக்கம் குனிந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன வாதாடுவது? தம்பியின் சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. எடுத்து உரக்க வாசித்தார்.

'அக்கா, வழி தவறிட்டேன். தண்ணி தேடி ஓடைப் பக்கம் இறங்கறேன். வழி பிரியற இடத்துல கல்லை அடுக்கி அம்புக்குறி வெச்சிருக்கேன். காட்டுல அடையாளம் விட்டுட்டேன்னு திட்டாதே.'

அடுத்த பக்கத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது.

'கால் உடைஞ்சிருச்சு. ஆனா பயமில்ல. அம்பைப் பார்த்ததும் வந்துடுவே.'

"அம்புக்குறியா?" காவலர் நிமிர்ந்தார். "சத்தியமா இல்ல மேடம். அந்த இடத்தை நானே சல்லடை போட்டுச் சலிச்சேன்!"

தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்த அவளுடைய விரல்கள் அப்படியே நின்றன.

"இருந்துச்சு சார்," என்றாள். "முதல் நாள் உங்களுக்கு முன்னாடி அங்க போனது நான்தான். எவனோ காட்டை அசிங்கம் பண்ணிட்டுப் போயிருக்கான்னு, ஒவ்வொரு கல்லா எடுத்து வீசிட்டு வந்தேன்."