ஒரே நாற்காலி

மீனை மொபைல் ஆப்பில் விற்கும், கருங்கல் ஊரிலுள்ள அந்த ஸ்டார்ட்அப்பின் ஒரே நாற்காலியில் சுஜி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே நின்ற விபினின் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வியர்வை தேறும். ஏற்கெனவே நாலு இன்டர்வியூ புட்டுக்கொண்டன. இதுவும் போனால் அவன் கனவு அவ்வளவுதான்.

"விடியக்காலம் கடியப்பட்டணத்துல மீன் ஏலத்துக்கு நிப்பியளா?"

"நிப்பேன்."

"ஆப் படுத்துட்டா?"

"நானே சரிபண்ணுவேன்."

"டெலிவரிக்கு ஆளு வரலேன்னா?"

"நேத்தும் நான்தான் பைக்கில கொண்டு குடுத்தேன். நாப்பது நாயி தொரத்திச்சு. நான் ஒரு சாள மீனக்கூட விட்டுக்குடுக்கல்ல!"

சுஜி சிரித்துவிட்டாள்.

"பாஸாயிட்டிய! இப்பிடி ஒரு ஆளுகிட்ட தைரியமா வேலை பாக்கலாம். நாளைக்கே சேருதேன், முதலாளி. ஒங்களுக்கும் ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்க."