பழைய செங்கல்

சாரத்திலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்ட கொத்தனார் சூசைமாணிக்கத்துக்கு மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், புரதம் நிறையச் சேர்க்கச் சொன்னார். மனைவி பிலோமி தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்தாள்.

“ஆட்டுக்கால் அப்படியே என் காலுக்குப் போயிருமா டாக்டர்?”

“போகாது அண்ணாச்சி. பழைய வீட்டைச் செங்கல் செங்கலாப் பிரிக்கிற மாதிரி உடம்பு அதைப் பிரிச்சுரும். அந்தச் செங்கலை வச்சு உங்க காலைக் கட்டும்.”

அங்கேதான் சூசைமாணிக்கத்துக்குச் சந்தேகம் பிடித்தது. பழைய செங்கல்லை அவருக்குத் தெரியாதா? எவ்வளவு சுரண்டினாலும் பழைய சுண்ணாம்பு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டுதான் வரும். தொழுவத்துச் செங்கல்லில் அவர் கட்டிய படுக்கையறை ஒன்று, மழை பெய்தால் இன்றும் சாணி நாறுகிறது.

“ஏட்டி, இது சாதுவான ஆடுதானா?” என்று கிண்ணத்தை முகர்ந்தார்.

“சூப்புக்கு ஜாதகமா பாக்கிய? குடிங்க!”

கட்டைப் பிரித்தபோது கால் அவருடையது போலத்தான் இருந்தது. ஆனால் சாரத்தில் அது யார் பேச்சைக் கேட்கும்? இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க முடியாது.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், சாரத்தில் மூன்றாம் மாடிவரை ஏறினார். பலகையை விட்டு விலகி, நாலு விரல் அகலச் சுவர் விளிம்பில் வலது கால் தானாகப் போய் நின்றது. அதில் நடுக்கமே இல்லை. பலகையில் இருந்த இடது கால்தான் வெடவெடத்தது.

“இறங்குங்க!” என்று, கூடவே வந்திருந்த பிலோமி கீழேயிருந்து கத்தினாள். அவளைத் தாண்டி, தலையில் அகத்திக்கீரைக் கட்டோடு ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள்.

வலது கால் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. சூசைமாணிக்கம் இரண்டு கையாலும் சாரக்கம்பை இறுகக் கட்டிக்கொண்டார்.