இரண்டாவது ஊசி

அந்தக் காட்டில் குட்டிகளுக்குத் தடுப்பூசி போடுவது முள்ளம்பன்றிதான். முதல் ஊசி போட்டதும் முயல்குட்டிக்குக் காய்ச்சல் அடித்தது. பால்கூடக் குடிக்காமல் அழுதது. அதனால் இரண்டாவது ஊசிக்குத் தாய் முயல் அதைக் கூட்டிப் போகவே இல்லை.

மழைக்காலத்தில் பக்கத்துக் காட்டுக் குட்டிகளுக்குக் கக்குவான் இருமல் பரவியது. முள்ளம்பன்றி நடந்து நடந்து முயலின் வளைக்கே வந்து சேர்ந்தது.

"ஏம்மா, குட்டியைக் கொண்டுவரவே இல்லையே?"

"அது அழுதா என்னால தாங்க முடியலக்கா."

"எனக்கு மட்டும் தாங்குதா? ஒவ்வொரு தடவையும் மனசு பதறத்தான் செய்யுது. ஆனா அந்தப் பக்கத்துக் குட்டிங்க மூச்சுவிட முடியாம இருமுறதைப் பார்த்துட்டு வர்றேன். அதுக்கு இந்த அழுகை எவ்வளவோ தேவலை."

முயல் குட்டியை வளையிலிருந்து தூக்கி வந்தது. "நாள் தள்ளிப்போச்சே, இனிமே போடலாமாக்கா?"

"தாராளமாப் போடலாம்."

ஊசி ஏறியது. குட்டி வீறிட்டது. அதை அணைத்திருந்த தாயும் தேம்பித் தேம்பி அழுதது. குட்டி சட்டென்று அழுகையை நிறுத்தி, அம்மாவின் நீண்ட காதைத் தடவிக் கொடுத்தது. பிறகு முள்ளம்பன்றியிடம் கவலையோடு கேட்டது:

"அத்தை, அம்மாவுக்கும் போட்டுட்டீங்களா?"