அழி, ஒதுக்கி வை

"நேத்து என் மெயில் பாக்ஸ் மொத்தமும் போச்சு. இன்னிக்கு ரங்கநாதன் ஐயாவோடதுல ஒண்ணு காணாம போனாலும் நாளைக்கு நீ வரவேணாம், ஜெபின்."

சாமுண்டீஸ்வரி மேடம் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதனாலேயே ஜெபின் முந்திக்கொண்டு பதில் சொன்னான்.

"ரெண்டு டூலுக்கும் ஒரே வரிய காப்பி பேஸ்ட் பண்ணிட்டேன், மேடம். இப்ப மாத்திட்டேன்."

"நீ மனசுல இன்னா நெனச்சேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எழுதினாத்தான தெரியும்."

செஞ்சியில், திண்டிவனம் சாலை உரக்கடைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன கம்பெனி விற்பது ஒன்றே ஒன்றுதான். வாடிக்கையாளருக்கு வரும் இமெயிலைத் தானே படித்து, தானே கவனித்துக்கொள்ளும் ஏஐ ஏஜென்ட். அந்த ஏஜென்ட்டால் செய்ய முடிகிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டூல். எந்த டூல் எதற்கு என்று ஜெபின் எழுதி வைப்பதைப் படித்துத்தான் அது எதை எடுப்பதென்று முடிவு செய்யும்.

‘ஒதுக்கி வை’, ‘அழி’ என்ற இரண்டு டூலுக்கும் ‘இன்பாக்ஸைச் சுத்தம் செய்யும்’ என்று எழுதி வைத்திருந்தான். ஏஜென்ட் ‘அழி’யை எடுத்துக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்து இது மூன்றாவது வாரம். இந்த வேலையும் போனால் பழையபடி தொழிற்சாலை வேனில் ஏறி நட்டு முறுக்கத்தான் போக வேண்டும்.

காலையில் வந்ததும் வராததுமாக உட்கார்ந்து திருத்தியிருந்தான். ‘அழி: மெயிலை நிரந்தரமாக நீக்கும். திரும்ப எடுக்க முடியாது. அழிக்கும்படி வாடிக்கையாளர் தெளிவாகச் சொன்னால் மட்டும் பயன்படுத்து. சந்தேகம் இருந்தால் கேள்.’

எத்தனை தடவை படித்தாலும் எங்கேயோ ஓட்டை இருப்பது போலவே பட்டது.

"மணி பன்னெண்டாவுது. ஒரு மணிக்கு சர்வர் அப்டேட், அது முடிய ஒண்ணே முக்கால் ஆயிடும். அதுக்குள்ள காட்டி அனுப்பிடணும்" என்றார் மேடம்.

ரங்கநாதன் வந்து உட்கார்ந்தார். தளவானூர் பக்கம் விதை உற்பத்தி செய்து விற்பவர். ஆறு வருஷத்து மெயில் வைத்திருந்தார்.

"இதுல முளைப்புத்திறன் சான்று பூரா இருக்குது, தம்பி. ஒருத்தன் விதை முளைக்கலன்னு கேசு போட்டிருக்கான். ஒரு சான்று காணாம போனாலும் என் லைசென்ஸு காலி."

ஜெபின் தலையாட்டினான்.

"நானே சொல்றேன், நகருங்க." அவர் கீபோர்டை இழுத்து, ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்தார். ‘பழச எல்லாம் கண்ணுல படாம பண்ணு.’

இது அழிக்கச் சொல்வதா, ஒதுக்கச் சொல்வதா? ஜெபினுக்கே தெரியவில்லை. திரையில் மூன்று புள்ளிகள் மினுங்கின. பத்து நொடி ஆனது. இருபது ஆனது.

"இன்னாப்பா, தூங்கிடுச்சா?"

"யோசிக்குதுங்க ஐயா."

"எங்க வூட்டு மாப்ள மாதிரி போல."

மேடம் சிரித்தார். ஜெபினுக்குச் சிரிப்பு வரவில்லை. மாதாவே, மாதாவே என்று உதடு மட்டும் அசைந்தது.

திரையில் எழுத்து வந்தது. ‘அழித்தால் திரும்பக் கிடைக்காது. ஒதுக்கி வைத்தால் தேடும்போது கிடைக்கும். எதைச் செய்யட்டும்?’

ரங்கநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "என் ஆபீஸ்ல ஏழு பேரு இருக்கானுங்க. ஒருத்தனாவது இப்படி நின்னு கேட்டிருப்பானா?" ‘ஒதுக்கி வை’ என்று அடித்துவிட்டு எழுந்தார். நாலாயிரம் மெயிலும் ஒவ்வொரு பக்கமாக நகரத் தொடங்கின. மேடம் அவரை டீ குடிக்கக் கீழே அழைத்துக்கொண்டு போனார்.

ஜெபின் அப்போதுதான் மூச்சே விட்டான். அந்த மூச்சு முடிவதற்குள் கரண்ட் போனது.

மேல் மாடியில் யூபிஎஸ் கூவ ஆரம்பித்தது. சர்வர் இருப்பது அங்கேதான். பாதி மெயில் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இப்போது சர்வர் அணைந்தால் நடுவில் இருப்பவை எங்கே போகும்? மேடத்தைக் கூப்பிடலாமென்றால் அவருடைய போன் மேஜை மேலேயே கிடந்தது.

சர்வர் ரூமுக்கு யாரும் போகக்கூடாது என்பது முதல் நாளே சொன்ன கண்டிஷன். ஜெபின் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அதை யோசிக்க நேரமில்லாமல் கதவைத் தள்ளினான்.

உள்ளே சர்வர் இல்லை. ஒரு மேஜை, ஒரு லேப்டாப், திறக்காத டிபன் பாக்ஸ். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவன் காலையில் எழுதியவைதான். ‘சந்தேகம் இருந்தால் கேள்’ என்பதற்கடியில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு.

இருபது வயதிருக்கும் ஒரு பெண், விரலை லேப்டாப்பிலிருந்து எடுக்காமலே திரும்பினாள்.

"ஜெபின் அண்ணாதான? நான் மஞ்சு, தொண்டூரு. இருங்க, இன்னும் ரெண்டு பக்கம்தான் இருக்குது, நகத்திடறேன்."

அவள் கடைசி மெயிலையும் ஒதுக்கி முடித்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆவலாகக் கேட்டாள்.

"கீழ பாத்தவங்களுக்கு கம்ப்யூட்டர் பேசுற மாதிரியே இருந்துச்சாண்ணா?"